உப்புத் தண்ணீரின் மேல் நல்ல தண்ணீர்

9 மார்ச் 1980
இன்று டீக்கடையில் மானம் போனது. என் பெண் காஞ்சனா ரஷ்யாவில், லெனின்கிராடில் படிக்கிறாள், வடக்கே பனிக்கடலில் விழுகிற ஆறுகளில் வருஷத்துக்கு எவ்வளவு தண்ணீர் போகிறது என்று கணக்கெடுக்கிறாள் என்று பெருமையடித்துக்கொண்டிருந்தேன். மெக்கானிக் ரசூல் விடவில்லை.

"கடலே ஐஸா கெடக்குதுன்றியே, அப்ப ஆறு எப்படிண்ணே உள்ள போவும்?"

"மேலயே வழுக்கிகினு போவும்" என்றேன்.

கடையே சிரித்தது. எஸ்.எஸ்.எல்.சி.யை இரண்டாம் தடவையில் பாஸ் செய்தவன், வாயை மூடிக்கொண்டு தன் சாயப் பட்டறைக்குப் போயிருக்க வேண்டும்.

2 ஏப்ரல்
காஞ்சனா கடிதம். மே கடைசியில் ஓப் என்கிற ஆறு கடலில் சேரும் இடத்துக்குப் போகிறாளாம். ஐஸ் உடையும்போதுதான் பெருவெள்ளமாம். அப்போது படகில் நின்று அளந்தால்தான் கணக்கு உருப்படியாம்.

உடையற ஐஸ்ல படகா?

பெண் என்ன எழுதியிருக்கிறாள் என்று என் மனைவி வள்ளிநாயகி கேட்டாள். "ரூம்ல உக்காந்து கணக்குப் போடுதாம்" என்றேன். அவள் நிம்மதியாக மாவாட்டப் போனாள். என் நிம்மதி அதோடு போயிற்று.

28 மே
இன்று போயிருப்பாள்.

11 ஜூன்
கடிதம் இல்லை. நந்தி ஆற்றுப் பாலத்தில் சைக்கிளை நிறுத்திப் பார்த்தேன். மணல். நடுவில் ஒரு ஆடு படுத்திருந்தது. இந்த ஆற்றை அளக்கச் சொல்லியிருந்தால் நான் ஏன் பயப்படப் போகிறேன்?

24 ஜூன்
இல்லை. இன்று சிவப்பு கேட்ட நூலைக் கருஞ்சிவப்பாக்கிவிட்டேன். "எந்த நெனப்புல கீறீங்க?" என்றாள் வள்ளிநாயகி. திருத்தணி மலையைப் பார்த்து மொட்டைக்கு வேண்டிக்கொண்டேன். பாதி முடியை முருகன் ஏற்கெனவே எடுத்துக்கொண்டார். மீதியை ஏற்பாரோ என்னவோ.

13 ஜூலை
கடிதம்! நல்லா கீறா. அடுத்த மாதம் லீவில் வருகிறாள். படகைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை – ஏன் இல்லை?

4 ஆகஸ்ட், ஆடிக் கிருத்திகை
ஊர் முழுக்கக் காவடி. கூட்டத்தோடு கூட்டமாக மொட்டை போட்டுக்கொண்டேன். வீட்டில் "வெயிலுக்கு" என்றேன். வள்ளிநாயகி என் தலையைப் பார்த்தாள், வெளியே மூடியிருந்த மேகத்தைப் பார்த்தாள், உள்ளே போய்விட்டாள்.

17 ஆகஸ்ட்
காஞ்சனா வந்துவிட்டாள். இளைத்திருக்கிறாள்.

ரசூல் கேள்வியை அவளிடம் கேட்டேன். சிரித்துவிட்டு ஹார்லிக்ஸ் பாட்டிலில் உப்புத் தண்ணீர் எடுத்தாள். அதன்மேல் நம் நீலச் சாயம் கலந்த நல்ல தண்ணீரைக் கரண்டி வழியே மெல்ல விட்டாள். நீலம் மேலேயே நின்றது.

"ஆத்துத் தண்ணி லேசு நைனா. ஐஸுக்குக் கீழ போயி, உப்புத் தண்ணி மேல இப்படி நிக்கும். கீழ இருக்கிற சூட்ட மேல விடாது, அதான் ஐஸ் நல்லாக் கட்டுது. இப்ப அந்த ஆத்துல கொஞ்சத்தைத் தெக்கே வறண்ட பக்கம் திருப்பலாமான்னு அங்க சர்க்காருல பேசிக்கினு இருக்காங்க. தண்ணி கொறஞ்சா கடல் இன்னா ஆவும்? அளக்காம எப்படிச் சொல்றது?"

சாயத்தைக் கண்டால் என் கை சும்மா இருக்காது. ஒரு குச்சியை விட்டுக் கலக்கிவிட்டேன். எல்லாம் நீலம்.

"நைனா! ஒரு கடலையே கெடுத்துட்டியே!"

சிரித்துச் சிரித்து, அந்தச் சிரிப்பிலேயே வாய் தவறிச் சொல்லிவிட்டாள் – ஐஸ் மோதிப் படகு சாய்ந்ததை, இடுப்புவரை நனைந்ததை. வள்ளிநாயகி சிரிப்பை நிறுத்தினாள். என் மொட்டைத் தலையைப் பார்த்தாள்.

"ஓகோ. இதுதான் வெயிலா?"

காஞ்சனா இன்னும் இரண்டு வருஷம் அங்கே நிற்க வேண்டுமாம். ஒரு வருஷம் தண்ணீர் அதிகம், ஒரு வருஷம் குறைவு, ஒரு வருஷ அளவை மட்டும் நம்ப முடியாதாம். "யாராச்சும் நின்னுதானே ஆவணும்?" என்றாள்.

18 ஆகஸ்ட்
வள்ளிநாயகி என்னோடு பேசவில்லை. சாப்பாடு மட்டும் வருகிறது.

29 ஆகஸ்ட்
திருத்தணி ஸ்டேஷன். வள்ளிநாயகி முறுக்கு டப்பாவை மகள் கையில் வைத்து அழுத்தினாள். பிறகு என்னைப் பார்த்தாள். பேசு என்கிற பார்வை.

காஞ்சனாவே கேட்டாள். "ஒண்ணும் சொல்லாம கீறியே நைனா. வேணாம்னா சொல்லு, இங்கயே நின்னுடறேன்."

"ஆங்... போய்ட்டு வா. அளவ சரியா எடு. ரசூல் கேட்டா நான் பதில் சொல்லணும்ல."

சிரித்தாள். ரயில் போய்விட்டது. வள்ளிநாயகி பேச ஆரம்பித்துவிட்டாள். "முடி வளரட்டும், வளரட்டும். அடுத்த வருசமும் வேணும்ல?"

அந்தப் படகில் நிற்க வேறு வீட்டுப் பிள்ளை யாரும் கிடைக்கலையாம்மா – காஞ்சனாவிடம் இதைத்தான் கேட்க நினைத்தேன். கேட்கவில்லை.