சோறு ஆறிப்போகுது

தாயேகோலோட், பண்டுங்
வெள்ளிக்கிழமை

அன்புள்ள தாதான் காங்,

கடலும் கப்பலும் அல்லாஹ்வின் கருணையால் உங்களிடம் நல்லபடி நடந்துகொள்ளட்டும். நானும் நம் மகள் கினாந்தியும் சுகம். வீட்டுக்குள் புகுந்த ஆற்றுத் தண்ணீர் வடிந்து ஒரு மாதமாகிறது. சுவரில் இடுப்பளவுக்குச் சேற்றுக் கோடு நிற்கிறது. நீங்கள் வந்து வெள்ளையடிக்கட்டும் என்று அப்படியே விட்டிருக்கிறேன்.

போனில் நீங்கள் பேசப் பேச நான் சும்மா தலையாட்டுவதை எத்தனை நாள் பார்ப்பீர்கள்? அதனால்தான் இந்தக் கடிதம். தொண்டைக் கட்டியை எடுத்த டாக்டர் குரலையும் சேர்த்து எடுத்துவிட்டார். நல்லவேளை, கையை விட்டுவைத்தார். தெருவே கேட்கச் சண்டை போட்டவள் இனித் தாளில் போடுகிறேன். இதில் ஒரு வசதி, நீங்கள் குறுக்கே பேச முடியாது.

போன வாரம் சொன்னீர்களே, “திரும்பி வந்ததும் நம்ம பாட்டையெல்லாம் இணையத்துலேர்ந்து எடுத்துடப் போறேன், எந்தின். ஊருக்கே இனாமாக் குடுத்து என்னத்தக் கண்டோம்?” என்று. என் வைத்தியத்துக்காக உல்லாசக் கப்பலேறி, சாப்பிடுகிறவர்கள் நடுவே ஊரார் பாட்டைப் பாடுகிற அலுப்பில் சொன்னீர்கள். எனக்குப் புரியாமல் இல்லை. என் அக்கா இமாஸும் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தாள். “பாட்டை அள்ளிக் குடுத்தவன் பொண்டாட்டி அடுப்புல எதை வைப்பாளாம்?” என்று. இப்போது அவள் வாயை மூடிவிட்டாள். ஏன் என்று சொல்கிறேன்.

கினாந்திக்குப் பள்ளியில் எவளோ ஒருத்தி, “உங்கம்மா பொறந்ததுலேர்ந்தே ஊமையா?” என்று கேட்டுவிட்டாள். எனக்கு ஆபரேஷன் நடந்தபோது பிள்ளைக்கு ஒரு வயது. என் குரல் அவளுக்கு எப்படி ஞாபகம் இருக்கும்? வீட்டுக்கு வந்ததும் உங்களோடு டிரம் அடிக்கும் யாயாத்திடம், “மாமா, அம்மா எப்படிப் பேசுவாங்க? பேசிக் காட்டுங்க” என்றாள். அவனும் பாவம், என்னைப் போலப் பேசிக் காட்டினான். எருமை கத்துவது போல இருந்தது. நான் கரண்டியை ஓங்கினேன். பிள்ளை சிரித்தாள். சிரித்துவிட்டு, “நெஜமா எப்படி?” என்று திரும்பவும் கேட்டாள்.

காட்ட எதுவும் இல்லை காங். என் குரல் பதிந்திருந்த பழைய போனும் உங்கள் கணினியும் ஒரே அலமாரியில் இருந்தன. வெள்ளம் இரண்டையும் ஒன்றாகக் கொண்டுபோய்விட்டது. அன்று அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன். சத்தமில்லாமல் அழுவது எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்குத் தெரியாது.

யாயாத்துக்குத்தான் ஞாபகம் வந்தது. நம் படுக்கையறையில் ஜன்னலை அடைத்து, மெத்தையைச் சுவரில் சாய்த்துப் பதிவு செய்வீர்களே, அந்த மழைப் பாட்டு. மூன்றாவது அடியில் நான் கதவைத் திறந்து கத்த, நீங்கள் தலையில் அடித்துக்கொண்டு மறுபடி பாடினீர்கள். கடைசியில் தூக்கக் கலக்கத்தில் கெட்டுப்போனதையே இணையத்தில் ஏற்றிவிட்டு, மறுநாள் அவசரமாக மாற்றினீர்கள். “உன்னால என் மானம் போச்சு” என்று ஒரு நாள் முழுக்க என்னோடு பேசவில்லை.

அந்த ஒரு நாளில் யாராவது எடுத்திருப்பார்களா? யாயாத் நம் இணையப் பக்கத்தில், “முதல் நாள் பாட்டு யாரிடமாவது இருக்கிறதா? நடுவில் ஒரு பெண் கத்துவாள். அது எங்களுக்கு வேண்டும்” என்று எழுதிப் போட்டான். முகம் தெரியாத மனிதர்கள் பழைய கணினிகளை எல்லாம் தோண்டித் தேடினார்கள். வந்ததெல்லாம் நீங்கள் மாற்றிய நல்ல பாட்டுதான். மக்காசாரில் ஒருவர், தன்னிடம் இல்லையே என்று மன்னிப்புக் கேட்டு, தன் அம்மா பாடிய தாலாட்டை அனுப்பிவைத்தார்.

பிறகு பிலிப்பைன்ஸில் தாவாவோ நகரிலிருந்து ஒரு பெண் எழுதினாள். பெயர் லிகாயா. ரொட்டிக்கடையில் மாவு பிசைகிறவள். யாயாத் படித்துச் சொன்னான்: “நல்ல பாட்டு வந்துச்சுன்னு தெரியும். நான் மாத்திக்கல. எனக்கு இதுதான் புடிச்சிருக்கு. அந்தம்மா என்ன சொல்றாங்கன்னு புரியாது, ஆனா யாரையோ சாப்பிடக் கூப்பிடுறாங்க, அது மட்டும் புரியுது. அந்த எடம் வந்தா நாங்க மாவை வச்சிட்டுக் கை கழுவப் போயிடுவோம்.”

பாருங்கள் காங், உங்கள் மானம் போன இடத்தில் ஒரு கடையே சாப்பிட எழுந்திருக்கிறது. காசுக்கு விற்றிருந்தால் வாங்கியவர்கள் கெட்டதைத் திருப்பிக் கொடுத்து நல்லதைக் கேட்டிருப்பார்கள். நீங்கள் சும்மா கொடுத்தீர்கள், அவள் தன்னுடையதாகவே வைத்துக்கொண்டாள். அந்தப் பெண்ணுக்காக ஒவ்வொரு தொழுகையிலும் துஆ கேட்கிறேன். நீங்களும் கேளுங்கள். பாட்டுகளை எடுத்துவிடாதீர்கள்.

நேற்று மத்தியானம் பாட்டு வந்து சேர்ந்தது. இமாஸும் இருந்தாள். கருவாடும் சம்பலும் வைத்திருந்தேன். யாயாத் பாட்டை ஓடவிட்டான். உங்கள் கிட்டார், உங்கள் குரல், அப்புறம் கதவு கிரீச்சென்றது. “காங், சோறு ஆறிப்போகுது. பாட்டு எங்கயும் ஓடிடாது, மொதல்ல வந்து சாப்பிடுங்க.” என் குரல் இவ்வளவு கரகரப்பா என்று எனக்கே வெட்கமாக இருந்தது. இமாஸ் முக்காட்டுத் துணியால் முகத்தை மூடிக்கொண்டாள்.

வாசலில் விளையாடிக்கொண்டிருந்த கினாந்தி, “இதோ வந்துட்டேம்மா” என்று ஓடிவந்தாள். வந்து என் வாயைப் பார்த்தாள். பிறகு போனைப் பார்த்தாள். பிறகு என் மடியில் ஏறி உட்கார்ந்துகொண்டு, “மறுபடி கூப்பிடு” என்றாள். சோறு நிஜமாகவே ஆறும்வரை கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன்.

இந்தக் கடிதத்தைப் படம் பிடித்து, பாட்டோடு சேர்த்து யாயாத் அனுப்புவான். ஒப்பந்தம் முடிகிற மாதம் வருகிறது. இன்னொரு தரம் கையெழுத்துப் போடலாமா என்று யோசிக்கிறீர்கள் என்பது எனக்குத் தெரியும். யோசிக்கும் முன் ஒரு தடவை இந்தப் பாட்டைக் கேளுங்கள். அன்று நான் கூப்பிட்டதற்கு நீங்கள் பதில் சொல்லவே இல்லை. மகள் சொல்லிவிட்டாள். உங்கள் பதில் இன்னும் பாக்கி.

இறைவன் உங்களைப் பத்திரமாகக் கரை சேர்க்கட்டும்.

தட்டு வைத்துக் காத்திருக்கும்,
உங்கள் எந்தின்