செக் மன்றத்தின் முகப்பு

அன்புள்ள அப்பாவுக்கு,

அந்தக் கட்டடத்தை இடிக்காதீர்கள் என்று அன்று நகராட்சிக் கூட்டத்தில் நான் சொல்லவில்லை. உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? நான் நலம்.

நான் ஆராயும், செக் நாட்டிலிருந்து இந்தப் பிரெஞ்சு பேசும் ஊருக்குக் குடியேறிய மக்களுக்கு இங்கே ஒரு மன்றம் இருந்தது. நூறு ஆண்டுகளுக்கு முன் தங்கள் நாடு புதிதாகப் பிறந்த மகிழ்ச்சியில் முகப்பு முழுக்கச் சிவப்பும் வெள்ளையுமாக வட்டங்கள் வடித்திருந்தார்கள். பின்னாளில் கம்யூனிஸ்ட் ஆட்சியை நம்பிய சிலர் உச்சியில் நட்சத்திரம் பதித்தார்கள். இரண்டையும் நகராட்சிக்குக் கொடுத்த என் அறிக்கையில் எழுதியிருந்தேன். இடிப்பதற்காக இடத்தை வாங்கியவரின் வக்கீல், இது வெறும் கம்யூனிஸ்ட் கட்டடம் என்று காட்ட, நட்சத்திரப் பத்தியை மட்டும் வாசித்தார். உடனே மன்றத்துப் பெரியவர்கள், “வைத்தது உன் அப்பன்தான்!” என்று தங்களுக்குள் சண்டை பிடித்தார்கள். இரண்டு விசுவாசமும் ஒரே சுவரில் இருப்பதே அருமை என்று சொல்ல எழுந்தேன். பிரெஞ்சில் ஒரு வாக்கியமும் வரவில்லை. உட்கார்ந்துவிட்டேன்.

“மூண்டு வருசமா எங்கட காதைத் திண்டியள், அங்க வாய் திறக்கேலாமப் போச்சோ அக்கா?” என்று அறைத்தோழி சாருஜா கேட்டாள். யாழ்ப்பாணத்துக் குறும்பு. நானும் சிரித்தேன்.

யாராவது வந்தால் இட்லிப்பொடி கொடுத்தனுப்புங்கள். ஞாயிற்றுக்கிழமை போனை அம்மாவிடம் உடனே கொடுத்துவிடாமல் நீங்களும் கொஞ்ச நேரம் பேசுங்கள். வகுப்புக்கு நேரமாகிவிட்டது.

மகள்,
தீப்தி

பி.கு: கூட்டம் நடந்து மூன்றாம் வாரம் மன்றத்தை இடித்துவிட்டார்கள்.