ஒரு குடம் ஏரித் தண்ணீர்

பசியாவரம்,
மே 11.

அன்புள்ள ஜோயல் அண்ணனுக்கு,

தங்கை பிரின்சி எழுதுவது. மங்களூர்க் கடலில் உனக்கு ஒரு குறையும் வராமல் மகிமை மாதா காக்க வேண்டும். உன் போன் இருபது நாளாக அணைந்தே கிடக்கிறது. நீ எடுத்தாலும் எனக்குப் போனில் பேச்சு வராது, உனக்குத் தெரியும். போட் கரைக்கு வந்தால் ஐஸ் கம்பெனிக்குக் கட்டாயம் வருவாய் என்று உன்னோடு வேலை பார்த்துத் திரும்பிய சுரேஷ் சொன்னதால், அந்த முகவரிக்கு எழுதுகிறேன். இதை நின்றுகொண்டு படிக்காதே. எங்காவது உட்கார்ந்து படி.

நைனா ஐந்து நாளாகக் கண்ணைத் திறக்கவில்லை. உயிர் இருக்கிறது, நினைவும் இருக்கிறது. அவராகத்தான் மூடி வைத்திருக்கிறார். வாயையும் திறப்பதில்லை. கஞ்சியைக் கரண்டியில் கொண்டுபோனால் பல்லைக் கடித்துக்கொள்கிறார், பாதிக்கு மேல் ஓரமாக வழிந்துவிடுகிறது. இன்னும் இரண்டு நாள் இப்படியே போனால் மூக்கில் குழாய் வைக்கப் பொன்னேரி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போக வேண்டும் என்று நேற்று நர்ஸம்மா சொல்லிவிட்டுப் போனார்.

எல்லாம் அந்த மீன்களால்தான். இல்லை, என்னால்தான்.

பக்கவாதம் வந்து பாயில் ஒருக்களித்துக் கிடப்பவருக்குக் கண்ணாடித் தொட்டியின் அடி மட்டும்தான் தெரிகிறது என்று முதலில் கண்டுபிடித்தது நீ. மேலே நீந்திய வண்ண மீன்களைக் கொளத்தூர்க் கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டு, மணலை விட்டு எழும்பாத இந்த ஆறு கெளுத்திகளை வாங்கி வந்தாய். பக்கத்து வீட்டு வசந்தாக்காகூட, ஏரி பூரா மீனை வச்சிக்கினு கண்ணாடியில இன்னாத்துக்குடி கெளுத்தி வளக்குறீங்க, கொழம்புக்குக்கூட ஆவாது என்று சிரித்தார்.

நீ சொன்னபடியேதான் பார்த்துக்கொண்டேன். அடியில் கிடக்கிற அழுக்கைத் தின்று வாழும் என்று நினைத்துப் பட்டினி போடாதே என்றாய், போடவில்லை. மீசை தேயும் என்று கிளிஞ்சல் போடாமல் நைஸ் மணலே போட்டேன். விளக்கு வைக்கிற நேரத்தில் வெளிச்சம் விழாமல் தொட்டி மேல் துண்டைப் போர்த்தி, மூழ்கும் தீனி ஆறு உருண்டை போடுவேன். ஞாயிற்றுக்கிழமை மட்டும் அம்மா கையால் தடவிப் பிடித்து வரும் இறாலில் ஒன்றைப் பொடியாக நறுக்கிப் போடுவேன். ஆறும் மீசையால் மணலைத் துழாவிக்கொண்டு வரும். அதில் ஒன்று கண் சிமிட்டும் என்றாயே, நிஜம்தான். அது சிமிட்டினால் நைனாவும் ஒற்றைக் கண்ணை மூடித் திறப்பார். சுவர்ப் பக்கம் திருப்பிப் படுக்க வைத்தால், இந்தப் பக்கம் திருப்பும்வரை முனகிக்கொண்டே இருப்பார்.

போன வாரம் நாலு நாள் குழாயில் தண்ணீர் வரவில்லை. குடிக்கவே அம்மா பழவேற்காட்டிலிருந்து கேனில் கொண்டுவந்தார். தொட்டித் தண்ணீரை மாற்ற முடியவில்லை. மீன்கள் சுருண்டு, மூச்சு வாங்கின. நைனா பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு இடது கையைத் தூக்கி வாசலைக் காட்டினார். ஏரியைக் காட்டினார். குடத்தைச் சாய்ப்பதுபோல் கையைக் கவிழ்த்தார்.

அவருக்குத் தெரிந்த கெளுத்தியெல்லாம் ஏரிக் கெளுத்தி. சேற்றிலும் நம் ஏரி உப்பிலும் கிடப்பது. ஆனால் எனக்குத் தெரியும். இதுங்களுக்கு உப்பு மட்டும் ஆவாது, மறந்துடாத பிரின்சி என்று நீ மூன்று தரம் சொல்லிவிட்டுப் போனாய்.

அண்ணா, படுத்த நாளிலிருந்து நைனா யாரிடமும் ஒன்றும் கேட்டதில்லை. அன்றுதான் முதல் முறையாக எனக்கு ஒரு வேலை சொன்னார். வேண்டாம் நைனா என்று ஒரு வார்த்தை, அது என் வாயில் வரவில்லை. எட்டாவதில் டீச்சர் எழுப்பினால் பதில் தெரிந்தும் நிற்பேனே, அதேபோல் நின்றேன். பிறகு குடத்தை எடுத்துக்கொண்டு ஏரிக்குப் போனேன். முழுக் குடத்தையும் ஊற்றினேன். நல்லது செய்த மாதிரி நைனா முகம் மலர்ந்தது.

பொழுது சாய்வதற்குள் நாலு மீன் மல்லாந்துவிட்டன. அடியில் துடித்ததெல்லாம் அவர் கண்ணுக்கு நேரே. கழுத்தைத் திருப்ப முடியாதவர் வேறு எங்கே பார்ப்பார்? கண்ணை மூடிக்கொண்டார். மூடியதுதான்.

மிச்சம் இரண்டைக் குடிக்கிற தண்ணீரில் விட்டுக் காப்பாற்றிவிட்டேன். தீனி எடுக்கின்றன. கண் சிமிட்டுவது பிழைத்துக்கொண்டது. அதைச் சொன்னேன், நைனா திறக்கவில்லை. எனக்கு முன்னமே தெரியும் நைனா, நான்தான் சொல்லல என்று அவர் காதில் சொன்னேன். கண்ணோரம் நனைந்தது, அவ்வளவுதான். நான் அவருக்காகப் பழியை ஏற்கிறேன் என்று நினைக்கிறாரோ என்னவோ. மீனுக்காக ஒரு மனுசன் சோறு தண்ணிய வுடுவானா என்று அம்மா அழுகிறார். மீனுக்காக மட்டும் இல்லை என்று எனக்குத் தோன்றுகிறது.

நீ மங்களூருக்குக் கிளம்பியபோது, விடியும் முன் நைனாவிடம் சொல்லிக்கொள்ளாமல் போனாய். எழுப்பினால் அழுவார், தூங்கட்டும் என்றாய். அன்று நைனா தூங்கவில்லை அண்ணா. நீ படி தாண்டுகிறவரை உன் கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். இதை உன்னிடம் சொல்லக் கூடாது என்றுதான் இத்தனை நாள் வைத்திருந்தேன். அதற்கப்புறம் நீ விட்டுப்போனது என்று அவருக்கு இருந்தது இந்த ஆறு மீன்களும்தான்.

அங்கே ஜூனில் தடைக்காலம் வந்தால்தான் வருவேன் என்றாய். அதுவரை தாங்காது. போட் ஓனர் திட்டினால் திட்டட்டும், கிளம்பி வந்துவிடு.

வரும்போது மீன் எதுவும் வாங்கி வராதே. தொட்டியை நான் நகர்த்தி வைக்கிறேன். அது இருந்த இடத்தில், தரையில், நைனா முகத்துக்கு நேரே நீ படுத்துக்கொள். நைனா என்று கூப்பிடு. நான் கூப்பிட்டால் என் குரல் எனக்கே கேட்பதில்லை. உன் குரலுக்கு அவர் கண் திறப்பார்.

ஆண்டவர் இந்தக் கடிதத்தை உன் கையில் சீக்கிரம் சேர்க்கட்டும். உன்னைப் பத்திரமாக எங்களிடம் சேர்க்கட்டும்.

வழி பார்த்திருக்கும் தங்கை,
பிரின்சி