வள்ளத்தில் போன நேர்த்தி

இன்று காலை இங்கே கனடாவில், லாசால் ஆற்றங்கரையில் பனி உருகிய சேறு மணந்தது. கடல் வற்றிய நேரத்து நம் ஊர்க் கரையின் மணம்தான், உப்பு மட்டும் இல்லை. அங்கே நிற்க முடியவில்லை. பஸ் ஏறினேன், இரண்டு தரிப்பிடம் தள்ளி இறங்கி மறுபடி நடந்தேன். சிநேகிதி, நீ கண்மூடிய நாளிலிருந்து எனக்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்வதில்லை.

உன் மகளின் நெஞ்சில் டாக்டர்கள் கத்தி வைத்த அன்று, ஆஸ்பத்திரி நடைபாதையில் நின்று நேர்ந்தாய்: பிள்ளை பிழைத்தால் நம் ஊர்த் தீவு அம்மனிடம் நடந்தே போவேன் என்று. கடல் வற்றும் சில மணி நேரம்தான் அந்தத் தீவுக்கு நடந்து போகலாம். பறங்கியர் கோயில்களை இடித்த காலத்தில், ஊரார் அம்மனைத் தலையில் சுமந்து வற்றுக் கடலைக் கடந்தார்களாம். தேடி வந்தவர்கள் கரையை அடையும்போது தண்ணீர் ஏறிவிட்டதாம். "நடந்து வாறவைதான் அம்மாளாச்சியின்ர சனம். வள்ளத்தில வாறவனை அவ இண்டைக்கும் சந்தேகமாத்தான் பாப்பா," என்று சிரிப்பாய். அம்மனுக்கே உன் குணத்தைக் கொடுத்து வைத்திருந்தாய்.

பிள்ளை பிழைத்தாள். நீ படுக்கையில் விழுந்தாய். "எனக்காக நீ ஒருக்கா நடந்திட்டு வா," என்றாய்.

போன வருடம் ஊருக்குப் போனேன். கனடாவிலிருந்து வந்தவள் ஒரு வீட்டில் தேநீர் குடித்துவிட்டு அடுத்த வீட்டைத் தாண்டிப் போக முடியுமா? மூன்று வீடு, மூன்று தேநீர், ஒரு வீட்டில் வடையும். கரைக்கு வந்தபோது கடல் இடுப்புக்கு மேல் நின்றது. மறுநாள் விமானம். வள்ளக்காரர், "ஏறுங்கோ அக்கா, அம்மாளாச்சி கோவிக்க மாட்டா," என்றார். ஏறிவிட்டேன்.

திரும்பி வந்து உன் கட்டிலருகே நின்றேன்.

"நடந்துதானே போனனி?"

"ஓம்."

"தண்ணி எவ்வளவு நிண்டது?"

"முழங்காலளவு."

உண்மையைச் சொல்லியிருந்தால் திட்டியிருப்பாய். அந்தத் திட்டுக்குப் பயந்தேன், அவ்வளவுதான். போன கிழமை உன் மகள் கேட்டாள்: "அன்ரி, அம்மான்ர நேர்த்தி முடிஞ்சுதுதானே?" அவளுக்கும் ஓம் என்றேன். ஒரு பொய்க்கு இப்போது இன்னொன்று காவல்.

ஆவணிக்கு டிக்கெட் எடுத்திருக்கிறேன். இந்த முறை எவர் கோபித்தாலும் தேநீர் இல்லை, நேரே கடலுக்குத்தான். ஆனாலும் ஒன்றை என்னால் நடந்து தீர்க்க முடியாது. அன்று நான் "முழங்காலளவு" என்றதும், தலையணையிலிருந்து தலை தூக்கவே முடியாத நீ, எப்படியோ எழுந்து குனிந்து, என் பாதங்களைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாய்.

நான் கால்களை இழுத்துக்கொள்ளவில்லை.