பச்சை மையில் ஒரு உத்தரவு

மார்ச் 4

அமெரிக்கப் பதிப்பகத்துக்கு நாங்கள் அமைத்துக் கொடுத்த புத்தகம் தப்பென்று திரும்பி வந்துவிட்டது. மேற்கோள் குறிக்கு உள்ளேதான் கமா இருக்க வேண்டும் அவர்களுக்கு. பிரிட்டிஷ்காரர்களுக்குப் பெரும்பாலும் வெளியே. பதினொரு வருடமாக ப்ரூஃப் பார்க்கிற எனக்கு இது தெரியாதா? உள்ளேதான் விட்டிருந்தேன். "எல்லாத்தையும் வெளியே தள்ளுங்க" என்று வந்து சொன்னவர் தலைமை ஆசிரியர். இன்று கூட்டத்தில் எல்லார் முன்னாலும் என்னைப் பார்த்து, "இதுகூடத் தெரியாம எப்படிம்மா இத்தனை வருஷம் ஓட்டினீங்க?" என்கிறார்.

வாயால் சொன்னதற்குச் சாட்சி ஏது? எனக்கு வரவிருந்த பதவி உயர்வு போச்சு.

மார்ச் 5

சோறு இறங்கவில்லை. "ஒரு கமாவுக்கா இவ்வளவு?" என்கிறார் கணவர். கமாவுக்கு இல்லை. கூட்டத்துல அந்தத் தலைமை ஆசிரியன் சிரிச்சான் — சிரிச்சுக்கிட்டே சொன்னான். விடமாட்டேன்.

மார்ச் 19

பிரிட்டிஷ் புத்தகம் ஒன்று, நானூறு பக்கம். போன தடவை பட்ட பயத்தில் மனிதர், "எல்லாக் கமாவும் உள்ளே" என்கிறார். தப்பு. சொல்ல வாயெடுத்து மூடிக்கொண்டேன்.

"எழுத்துல குடுத்துடுங்க சார்" என்றேன், அவ்வளவு பணிவாக. வழக்கமான பச்சை மையில் எழுதித் தேதியும் கையெழுத்தும் போட்டார். தாள் என் பையில்.

மார்ச் 27

பக்கம் அமைக்கும் அக்கா மூன்று நாளாகத் தலை நிமிரவில்லை. கழுத்து வலிக்குப் பட்டை வேறு. "இது சரிதானாடி?" என்று கேட்டாள்.

"சார் சொல்லியிருக்காருக்கா." பொய் இல்லையே?

ஏப்ரல் 24

அச்சாகிவிட்டது. பொறு மனமே.

மே 8

பிரிட்டிஷ்காரர்களின் கடிதத்தைக் கூட்டத்தில் படித்தார்கள். மொத்தத்தையும் மறுபடி அச்சடிக்க வேண்டுமாம். அவர் என் பக்கம் கை நீட்டி முடிப்பதற்குள் தாளை மேசையில் வைத்தேன். முகத்தில் ஈயாடவில்லை. ஐயோ, என்ன சுகம்! இன்னொரு தடவை பார்க்கலாம் போலிருந்தது.

அக்கா மட்டும் தாளின் தேதியைப் பார்த்தாள்: மார்ச் 19, அவள் என்னிடம் கேட்பதற்கு எட்டு நாள் முன்பு. பிறகு என்னைப் பார்த்தாள். நானூறு பக்கத்தையும் அவள்தான் திரும்ப அமைக்க வேண்டும்.

ஜூன் 2

அவர் வேலையை விட்டுப் போய்விட்டார். அவர் நாற்காலியில் நான், இப்போதைக்கு.

புது அமெரிக்கப் புத்தகம் வந்தது. "கமாவெல்லாம் உள்ளேக்கா" என்றேன். பதினொரு வருடமாக என் டப்பாவிலிருந்து எடுத்துச் சாப்பிட்டவள், ஒரு வெள்ளைத் தாளை என் முன்னால் நகர்த்தினாள்.

"எழுத்துல குடுத்துடுங்க, மேடம்."

எழுதிக் கொடுத்தேன்.