உன் நிலத்தின் மேல் நான் திறந்துவிட்ட தண்ணீர்

லாக்மேர், 1674 ஏப்ரல் 19

அன்பு மகள் ஹெஸ்டருக்கு அம்மா அலைட் எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் மூன்று காற்றாலைகளும் நல்லபடியாக இருக்கிறோம், அங்கே டான்சிக்கில் நீயும் மாப்பிள்ளை யோகிமும் குழந்தையும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன், இருக்க வேண்டும் என்று தினமும் இரண்டு வேளை ஆண்டவரைக் கேட்டுக்கொண்டும் இருக்கிறேன்.

உன் கடிதம் போன செவ்வாய்க்கிழமை வந்தது. படித்துவிட்டு அடுப்பில் இருந்த பாலை மறந்துவிட்டேன், அது பொங்கி வழிந்த பிறகுதான் எழுந்தேன். கப்பல்காரர் மனைவி ஒருத்தி சொல்லித்தான் விஷயம் தெரிந்தது என்று எழுதியிருக்கிறாய். "என் கல்யாணத்துக்கு என் பேரில் எழுதிவைத்த நிலத்தை என்னை ஒரு வார்த்தை கேட்காமல் மூழ்கடித்துவிட்டு, இரண்டு வருஷமாக நலம் நலம் என்று எழுதினாயே அம்மா" என்று கேட்டிருக்கிறாய். கேட்டது நியாயம். மறைத்தது என் தப்பு, அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் மதகைத் திறந்தது தப்பில்லை. அன்றைக்கு என்ன நடந்தது என்று முழுக்கச் சொல்கிறேன், படித்துவிட்டு அப்புறம் கோபப்படு.

முந்தின வருஷத்துக்கு முந்தின வருஷம் ஜூன் மாதம் அது. பிரெஞ்சு ராஜாவின் படை கிழக்கே ஒவ்வொரு ஊராக விழுங்கிக்கொண்டு வந்தது, உட்ரெக்ட் விழப்போகிறது என்று சாலையெல்லாம் வண்டியும் மாடும் அழுகிற பிள்ளைகளும். அப்போதுதான் ஹாலந்தைக் காப்பாற்ற ஒரே வழி என்று, வடக்கிலிருந்து தெற்குவரை ஒரு பட்டை நிலத்தைத் தண்ணீரில் முக்கிவிட முடிவு செய்தார்கள். முழங்கால் ஆழம், அதற்கு மேல் வேண்டாம். படை நடக்க முடியாது, படகும் ஓடாது. நம் லாக்மேர் அந்தப் பட்டைக்குள் வந்துவிட்டது. உன் தாத்தா காலத்தில் ஏரியாக இருந்ததைக் காற்றாலை வைத்து இறைத்து இறைத்து நிலமாக்கிய ஊருக்கு, திரும்ப ஏரியாகு என்று உத்தரவு. கரைத்தலைவர் என்ற முறையில் அந்தக் காகிதம் அப்பா கைக்குத்தான் வந்தது. அவரோ மே மாதம் காற்றாலை ஏணியிலிருந்து விழுந்து கால் முறிந்து படுக்கையில் கிடக்கிறார். உத்தரவு கொண்டுவந்த அதிகாரி வாசலிலேயே நின்று, நாளை மதியத்துக்குள் ஆற்று மதகு திறக்காவிட்டால் சிப்பாய்கள் வந்து கரையையே வெட்டிவிடுவார்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்த ஒரு வார்த்தைதான் ஹெஸ்டர் என்னை உலுக்கியது. மதகு என்றால் நாம் திறக்கலாம், நாமே மூடலாம், முழங்கால் என்றால் முழங்காலோடு நிறுத்தலாம். கரையை வெட்டினால் ஆறு தன் இஷ்டத்துக்கு வரும், வீட்டுக் கூரைவரை வரும், திரும்ப அடைக்கப் பத்து வருஷம் ஆகும். இதை அப்பாவிடம் சொன்னேன். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு, "எங்கப்பா மண் சுமந்து கட்டின கரை, தண்ணிய வெளிய தள்ளத்தான் எனக்குத் தெரியும், உள்ள விடத் தெரியாது" என்றார். மதகைத் தூக்குகிற திருகுக் கட்டையின் சாவி அவர் தலையணைக்கு அடியில் இருந்தது, நான் எடுத்தபோது தடுக்கவில்லை.

மறுநாள் காலை ஆற்று மதகுக்குப் போனால் ஊரே அங்கே நிற்கிறது. புல் அறுக்க இன்னும் ஒரு வாரம்தான் இருந்தது, அதனால் ஆளுக்கொரு வைக்கோல் கவை கையில். முன்னால் நின்றது நம் பக்கத்து நிலத்துக்காரர் பாரெண்ட். உனக்கு அவரைத் தெரியும், சின்ன வயதில் நீ அவர் வாத்துகளைத் துரத்தி அடி வாங்கியிருக்கிறாய். "மதகு மேல கை வெச்சா கவை உன் வயித்துல இருக்கும் அலைட் அக்கா, பொம்பளைன்னு பாக்க மாட்டேன்" என்றார். நான் கரையை வெட்டப்போகிற கதையைச் சொன்னேன். "சொல்லுவ, ஏன் சொல்ல மாட்ட. உன் வீடு மேட்டுல, ஆலை மேட்டுல. மூழ்கப்போறது எங்க வயலு. நீ மாடியில உக்காந்து வேடிக்கை பாப்ப" என்று அவர் கத்தினார், பின்னால் நின்ற எல்லாரும் ஆமாம் ஆமாம் என்றார்கள். உண்மையைச் சொன்னால் அவர் கேட்டதிலும் நியாயம் இருந்தது. இதற்கு வாயால் பேசி என்ன பயன்?

ஊரிலேயே தாழ்ந்த நிலம் எது? நம் பெரிய காற்றாலைக்குக் கீழே இருக்கிற ஆறு மோர்கன் பரப்பு, உன் நிலம். அதற்கும் ஆலை வாய்க்காலுக்கும் நடுவில் ஒரு சின்னப் பலகைதானே இருக்கிறது, ஒரு ஆள் தூக்கலாம். நான் திரும்பி அங்கே நடந்தேன், எல்லாரும் என்ன செய்கிறாள் என்று பின்னாலேயே வந்தார்கள். அப்பா ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, "அடியே, அது ஹெஸ்டரோட நிலம்டி!" என்று தெருவுக்கே கேட்கும்படி கத்தினார். நானும் கத்தினேன், "ஹெஸ்டர் என் வயித்துல பொறந்தவ, புரிஞ்சுக்குவா!" பலகையைத் தூக்கிவிட்டேன். இடுப்பு உயரம் இருந்தது உன் புல், நடுவில் சிவப்புக் குளோவர்ப் பூ, அந்த வருஷம் போல ஒரு வருஷமும் இல்லை. தண்ணீர் சத்தமே இல்லாமல் அதற்குள் போனது. முதலில் தண்டு தெரியவில்லை, அப்புறம் பூ தெரியவில்லை, அப்புறம் ஒரு எலிக்கூட்டம் கரைக்கு ஓடிவந்து என் காலடியிலேயே நின்றது. பிறகு விதவை யானெக்கே தன் கவையை மண்ணில் குத்திவிட்டு, "அவ பொண்ணோடதையே விட்டுட்டா, இன்னும் என்ன சாட்சி வேணும் உங்களுக்கு, வாங்கடா" என்றாள். நாலு பேர் என்னோடு ஆற்று மதகுக்கு வந்து திருகுக் கட்டையைப் பிடித்தார்கள். பாரெண்ட் வரவில்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார்.

அந்த வெள்ளத்தோடு அப்பாவின் பேச்சும் நின்றுபோனது. சாப்பாடு கொடு, காலில் கட்டியதை அவிழ்த்துவிடு, இவ்வளவுதான் ஆறு மாதம். நானும் கெஞ்சவில்லை. நீ பயப்படாதே, உன் அம்மா அழுதுகொண்டிருந்தாள் என்று நினைக்காதே. மாடுகளைக் கௌடாவில் என் தங்கை வீட்டுக்கு ஓட்டிவிட்டு, படகில் போய் வலை போட்டு மீன் பிடிக்கக் கற்றுக்கொண்டேன். சமையலறை வாசல்படியிலேயே விலாங்கு கிடைத்தது, அதில் ஒரு சௌகரியம் இருந்தது என்று சொல்லத்தான் வேண்டும்.

நாங்கள் மறந்துபோனது பனியை. டிசம்பர் கடைசியில் நாலு நாள் குளிர் இறுகியது, தண்ணீரெல்லாம் கண்ணாடியாகிவிட்டது. நம்மைக் காப்பாற்றிய தண்ணீரே எதிரிக்கு ரோடு போட்டுக் கொடுத்துவிட்டது! பிரெஞ்சுக்காரர்கள் பிடித்துவைத்திருந்த வூர்டனிலிருந்து படை பனிமேல் கிளம்புகிறது என்று செய்தி வந்தது. ஊரில் இருந்த எல்லாரும் கரைக்கு முன்னால் பனியை வெட்டி அகழி எடுக்க ஓடினோம், வெட்ட வெட்ட பின்னாலேயே உறைந்தது. யார் என் பக்கத்தில் ரம்பத்தோடு வந்து நின்றார் தெரியுமா? பாரெண்ட். நான் நன்றி சொல்ல வாயைத் திறந்தேன், "வாய மூடு அக்கா, உனக்காக வரல, என் ரெண்டு பொண்ணுங்களுக்காக வந்தேன்" என்று சொல்லிவிட்டு அறுத்துக்கொண்டே இருந்தார்.

அப்போதுதான் அப்பா வந்தார். இரண்டு கைத்தடி ஊன்றி, காது மூடுகிற குல்லாய் போட்டுக்கொண்டு, வீட்டிலிருந்து கரைவரை வந்து நின்று கொஞ்ச நேரம் எங்களைப் பார்த்தார். பிறகு ஆறு மாதத்தில் முதல்முறையாக என் பெயரைச் சொன்னார். "அலைட், மேல வெட்டி என்னடி பிரயோஜனம், அடியில இருக்குற தண்ணிய எடு. அடியில தண்ணி தாங்கலன்னா பனி ஆள் தாங்காது. ஆலைச் சக்கரத்துக்கு வெந்நீர் ஊத்து." எனக்கு ஒரு நிமிஷம் விளங்கவில்லை, பாரெண்டுக்குத்தான் முதலில் விளங்கியது, அவர் ரம்பத்தைப் போட்டுவிட்டு ஓடினார். ஊரில் இருந்த அண்டா, குண்டான், பீர் காய்ச்சுகிற கொப்பரை எல்லாவற்றிலும் தண்ணீர் காய்ச்சி மூன்று ஆலைச் சக்கரங்களிலும் ஊற்றி உறைந்ததை விடுவித்தோம். அப்பா கீழே நின்று கைத்தடியை ஆட்டி ஆட்டி இறக்கைப் பாயை எவ்வளவு விரிக்க வேண்டும் என்று கத்தினார். இரண்டு நாள் இறைத்தோம். ஒரு சாண் தண்ணீர் குறைந்தது, அவ்வளவுதான். ஆனால் பனி தூண் இல்லாத கூரை மாதிரி அந்தரத்தில் நின்றது, ஆங்காங்கே தானாகவே துப்பாக்கி வெடித்தது போல விரிசல் விட்டது.

மூன்றாம் நாள் முற்பகல் அவர்கள் தெரிந்தார்கள். வெள்ளைக்கு நடுவில் ஒரு கறுப்புக் கோடு, மத்தளச் சத்தம். முன்னால் நாலு குதிரைக்காரர்கள் நம் எல்லைப் புதரைத் தாண்டி உன் நிலத்துக்கு மேல் வந்தார்கள். முதல் குதிரை பத்தடி வந்ததும் பனி உட்கார்ந்துவிட்டது. அந்தக் குதிரை கதறிய சத்தத்தை நான் சாகும்வரை மறக்க மாட்டேன், அது என்ன பாவம் செய்தது. அந்த ஆளைக் கயிறு போட்டு இழுத்துக்கொண்டு பின்வாங்கினார்கள், கோடு அப்படியே நின்றது. பிற்பகலில் தென்மேற்கிலிருந்து காற்று வந்தது, காற்றோடு மழை வந்தது. பனிமேல் தண்ணீர் நிற்பதைப் பார்த்ததும் கோடு திரும்பியது. எல்லாரும் கூவினார்கள், அப்பா மட்டும் கரையிலேயே உட்கார்ந்து கால் வலிக்கிறது என்றார். நாங்கள் தப்பித்தோம், வேறு ஊர்கள் தப்பவில்லை. திரும்பிப் போகிற வழியில் அவர்கள் எரித்த ஊர்களிலிருந்து பதினோரு பேர் நம் ஆலையில் வந்து தங்கினார்கள், மே மாதம்வரை இருந்தார்கள். அவர்கள் சொன்னதை எழுத மாட்டேன், நீ குழந்தைக்குப் பால் கொடுக்கிறவள்.

போன நவம்பரில் படை உட்ரெக்டை விட்டே போய்விட்டது உனக்குத் தெரியும். பிப்ரவரி கடைசியில் மதகை மூடினோம், மூடுகிற திருகை அப்பாவே சுற்றினார். நாமே திறந்ததால் நாமே மூட முடிந்தது, கரை வெட்டுப்பட்ட ஊர்க்காரர்கள் இன்னும் மூட்டை மூட்டையாக மண் கொட்டிக்கொண்டிருக்கிறார்கள். நாற்பது நாள் இறைப்பில் ஊர் வெளியே வந்துவிட்டது. தாழ்ந்த நிலம் என்பதால் உன்னுடையதுதான் கடைசி. புல் அழுகிப்போய்விட்டது, வேலி போய்விட்டது, சால்களில் மீன் துள்ளுகிறது, நடுவில் யாருடையது என்று தெரியாத ஒரு தேவாலய பெஞ்சு கிடக்கிறது. ஆனால் மேலே ஒரு விரல் கனத்துக்கு ஆற்று வண்டல் படிந்திருக்கிறது, கையில் எடுத்தால் வெண்ணெய் மாதிரி. நம் குதிரை போன வருஷம் செத்துவிட்டது, உழ என்ன செய்வது என்று நின்றபோது பாரெண்ட் தன் குதிரையை நம் வாசல் கம்பத்தில் கட்டிவிட்டு, "குதிரையத் தர்றேன், பேச்சத் தர மாட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். எனக்கு அது போதும்.

கடலுக்குக் கீழே குடியிருப்பது பைத்தியக்காரத்தனம், இருவரும் டான்சிக்குக் கிளம்பி வாருங்கள் என்று எழுதியிருக்கிறாய். உன் பாசம் புரிகிறது கண்ணு, ஆனால் வர மாட்டோம். தண்ணீரை உள்ளே விடவும் வெளியே தள்ளவும் இரண்டும் தெரிந்த ஊர் இது, இதைவிடப் பத்திரமான இடம் எனக்குத் தெரியவில்லை. நீ அங்கே மாமியார் சொல்கிற மருந்தையெல்லாம் குழந்தைக்குக் கொடுத்துவிடாதே, இருமல் என்றால் தேனும் வெந்நீரும் போதும். யோகிமை மழையில் துறைமுகத்தில் நிற்கவிடாதே. நீயும் நேரத்துக்குச் சாப்பிடு, கடிதத்தில் எழுத்தே மெலிந்திருக்கிறது.

ஒரு விஷயம் மறக்காமல் பதில் எழுது. அந்த நிலமே உனக்கு இருக்கட்டுமா, இல்லை மேட்டில் அப்பாவுக்கு இருக்கிற நிலத்தோடு மாற்றி எழுதட்டுமா? அன்றைக்கு உன்னைக் கேட்க நேரமில்லை. இந்தத் தடவை உன்னைக் கேட்காமல் ஒரு புல்லைக்கூடத் தொட மாட்டேன். கர்த்தர் உங்கள் மூவரையும் தம் கைக்குள் வைத்துக் காக்கட்டும், உன் வீட்டில் அடுப்பு அணையாதிருக்கட்டும், பேரப்பிள்ளை நெற்றியில் எனக்காக ஒரு முத்தம் கொடு.

என்றும் உன்னை நினைத்திருக்கும் அம்மா,
அலைட்

ஹெஸ்டர், அப்பா எழுதுகிறேன். அம்மா எழுதியதை வாசித்துக் காட்டச் சொல்லிக் கேட்டேன், எல்லாம் உண்மை. ஆனால் உன் பதில் வர ஆறு வாரமாகும், மண் அதுவரை காத்திருக்காது. திங்கட்கிழமை உன் நிலத்தில் ஓட்ஸ் விதைக்கிறோம்.
கோவர்ட்