வியாழனின் நிழலும் நாலரை நிமிஷமும்

9 மார்ச் 1980, ஞாயிறு

பார்த்துவிட்டேன்! 

பள்ளிக்கூட லேப் அலமாரியில் பிரெஞ்சுக்காரன் காலத்துப் பித்தளைத் தொலைநோக்கி ஒன்று தூசி படிந்து கிடந்தது. சிஸ்டரிடம் கெஞ்சி வாங்கி வந்து மொட்டைமாடியில் நிறுத்தியிருக்கிறேன். இன்று மாலை 7.40க்கு, வியாழன் கிரகத்தின் முதல் நிலா அதன் நிழலை விட்டு வெளியே வந்தது. ஒன்றுமே இல்லாத கருப்பில் ஊசிமுனை அளவு வெளிச்சம். அது கொஞ்சம் கொஞ்சமாகப் பெருத்து முழுப் புள்ளியானது. ஏசுவே, வாயைப் பிளந்துகொண்டு நின்றேன்.

போன மாதம் சூரிய கிரகணம் என்று ஊரே கதவைச் சாத்திக்கொண்டது. அங்கே நாற்பத்திரண்டரை மணி நேரத்துக்கு ஒரு கிரகணம்! நம் நிலாவின் பாதை சாய்ந்திருப்பதால் பல மாதங்கள் பூமியின் நிழலுக்கு மேலேயோ கீழேயோ நழுவிப் போய்விடுகிறது. அந்த நிலாவின் பாதையில் சாய்வே இல்லை. வியாழனின் நிழலோ மகா பெரிசு. ஒரு சுற்றுகூடத் தப்ப முடியாது. கணக்கு டீச்சராக இருந்து என்ன, இன்றைக்குத்தான் வடிவியல் என்றால் என்னவென்று கண்ணால் பார்த்தேன்.

23 மார்ச்

இரண்டு வாரம் குறித்ததில் ஒரு சுற்றுக்கு 42 மணி 28 நிமிஷம் 36 விநாடி வருகிறது. பதிமூன்று சுற்றுக்கு 23 நாளும் 12 நிமிஷமும். ஆக ஏப்ரல் 1, மாலை 7.52.

வீட்டில் ரேடியோ இல்லை. பகல் பன்னிரண்டுக்கு மாதா கோயிலில் திரிகால செப மணி அடிக்கும்போது கடிகாரத்தைச் சரியாக வைத்துக்கொள்வேன். இந்தத் தெருவே அப்படித்தான். மணி அடிப்பவர் சந்தனசாமி அத்தான், செத்துப்போன சலோமி அக்காவின் வீட்டுக்காரர். அக்கா செத்த வருஷம் சாராயக்கடையே கதியென்று கிடந்தார். பங்குச் சாமியார் அந்த மணிக் கயிற்றைக் கையில் கொடுத்த பிறகுதான் மனுஷரானார். இரண்டு வருஷமாகத் தொடவில்லை. ஞாயிறு பூசை முடிந்தால் சாப்பாடு என் வீட்டில்.

1 ஏப்ரல்

7.53. ஒரு நிமிஷம் பிந்தல். என் கண்ணா, கணக்கா?

24 ஏப்ரல்

8.04க்கு வர வேண்டியது 8.06½க்கு வருகிறது. மூன்று தடவை கணக்குப் போட்டாயிற்று. வானம் பிசகாது. அப்படியானால் என் கடிகாரம் முந்துகிறது. கடிகாரம் முந்தினால் மணி முந்துகிறது என்று அர்த்தம். நாளுக்கு நாள் முன்னதாக அடித்துவிட்டு அவசரமாக எங்கே போகிறார்? எனக்கா தெரியாது! திரும்பவும் குடிக்க ஆரம்பிச்சாச்சு. அக்கா முகம்தான் கண்ணுல நிக்குது. 

27 ஏப்ரல், ஞாயிறு

வெள்ளிக்கிழமையே சாமியாரிடம் சொல்லிவிட்டேன். இன்று பூசை முடிந்ததும், அத்தனை பேருக்கும் முன்னால் காரணத்தைச் சொல்லி, கயிற்றை வாங்கி, பூசைக்கு உதவும் பையன் பிலோமின்ராஜிடம் கொடுத்துவிட்டார்.  அத்தான் நேரே என்னிடம் வந்தார்.

"என்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல, டெய்சி?"

சாப்பிட வரவில்லை. மீன் குழம்பு அப்படியே இருக்கிறது. நான் செய்தது சரிதான். சரிதானே?

6 மே

பள்ளிக்கூட ஆயா ராசாத்தி வந்து சொல்லிவிட்டுப் போனாள். அத்தான் தினமும் சாராயக்கடைக்கு எதிரே உட்கார்ந்திருக்கிறாராம். உள்ளே போனதை அவள் பார்க்கவில்லையாம்.

17 மே

பிலோமின்ராஜ் சாமியாரின் கைக்கடிகாரத்தைப் பார்த்து அடிக்கிறான். சாமியார் அதை ரேடியோ செய்திக்கு வைக்கிறார். இனி ஒரு விநாடி தப்பாது. இன்று 8.15½க்கு நிலா வந்தாக வேண்டும்.

வரவில்லை. 8.17 — இல்லை. 8.19 — இல்லை. வந்தது 8.20க்கு.

நாலரை நிமிஷம்.

மணி தப்பில்ல. அப்பவும் தப்பில்ல. பாவி, என்ன காரியம் பண்ணிட்டேன்.

18 மே

காலையிலிருந்து வட்டம் வட்டமாக வரைந்துகொண்டிருக்கிறேன். மார்ச்சில் சூரியனுக்கும் வியாழனுக்கும் இடையில், வியாழனுக்குப் பக்கமாக இருந்தது பூமி. இப்போது சுற்றிக்கொண்டு விலகிப் போய்விட்டது. நிலா தன் நேரத்துக்குத்தான் நிழலை விட்டு வருகிறது. அந்த வெளிச்சம்தான் நம்மை எட்ட இன்னும் அதிக தூரம் வர வேண்டியிருக்கிறது! நாலரை நிமிஷத்துக்கு எட்டு கோடி கிலோமீட்டர்.

ஒளியின் வேகம் விநாடிக்கு மூன்று லட்சம் கிலோமீட்டர். பதினாறு வருஷமாகப் போர்டில் எழுதிப் போடுகிறேன். இரண்டு மார்க் கேள்வி. அதே ஒளி என் மாடிக்கே பிந்தி வந்தபோது எனக்கு அடையாளம் தெரியவில்லை. பூமி நகர்ந்து போனதை ஒரு கைக்கடிகாரத்தில் பார்த்திருக்கிறேன்! கூத்தாட வேண்டிய நாள். உட்கார்ந்து அழுதேன்.

சாயங்காலம் சாராயக்கடைக்கே போனேன். யார் பார்த்தால் என்ன. எதிரே, மூடிக் கிடந்த சைக்கிள் கடைப் படியில் இருந்தார். என் தப்புதான், மன்னிச்சிடுங்க அத்தான் என்றேன். 

"இன்னும் குடிக்கல," என்றார். "நீ சொன்னத உண்மையாக்கிடலாமான்னு யோசிச்சிக்கிட்டு இருந்தேன்."

19 மே

படத்தோடு சாமியாரிடம் போனேன். பொறுமையாகக் கேட்டார். கூட்டத்துக்கு முன்னால் வாங்கியதைக் கூட்டத்துக்கு முன்னால்தான் திருப்பித் தர வேண்டும், காரணத்தை நீதான் சொல்ல வேண்டும் என்றார். அவர் சொல்வது நியாயம்.

25 மே, ஞாயிறு

சொன்னேன். வெளிச்சம், நிழல் எல்லாம் பாதிப் பேருக்குப் புரிந்திருக்காது. மணி ஒருநாளும் தப்பவில்லை, தப்பு என்னுடையது என்பது எல்லோருக்கும் புரிந்தது. கயிறு அவர் கைக்குப் போனது. பகல் மணி அவர்தான் அடித்தார். சாப்பிட வரவில்லை.

1 ஜூன், ஞாயிறு

இன்றும் வரவில்லை.

9 ஜூன்

மாலை ஏழரைக்குப் படியில் செருப்புச் சத்தம். அத்தான்!

"அந்த நெழல எனக்கும் காட்டு," என்றார்.

வியாழனையும் மற்ற மூன்று நிலாக்களையும் காட்டினேன். அங்கிருந்து கிளம்பின வெளிச்சம் நம் கண்ணில் விழ முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஆகிறது என்றேன். நெடுநேரம் கண்ணை எடுக்கவேயில்லை. அப்புறம் என் பக்கம் திரும்பி, "அவ்ளோ தூரத்துலேருந்து வர்றதத்தான் லேட்டுன்னு சொன்னியாக்கும்," என்றார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

தொலைநோக்கியில் கண்ணை வைத்துக்கொண்டே மணியும் பார்க்க ஒரு ஆளால் ஆகாது. கடிகாரத்தைக் கழற்றி அவரிடம் கொடுத்தேன். கருப்பில் அந்த ஊசிமுனை தெரிந்ததும் "இப்போ" என்றேன். அவர் நேரம் சொன்னார்.

8 மணி 33 நிமிஷம் 10 விநாடி. அப்படியே எழுதிக்கொண்டேன். திரும்பிக் கடிகாரத்தைப் பார்க்கவில்லை.